தரகருக்குப் பதில் சொல்லுமுன்

அன்பு நண்பா,

ஸ்தோத்திரம். உன் மனைவி, நம் மயினிக்கு முழங்கால் வலி குறைந்து கோயிலுக்கு நடந்தே போய்வருகிறார்கள் என்று வாசித்ததில் ரொம்பச் சந்தோஷம். இங்கே சின்னவளுக்கு நர்சிங் சீட் கிடைத்துவிட்டது. ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்ததிலிருந்து வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

இனி உன் வீட்டை விற்கிற விஷயம். ஞாயிற்றுக்கிழமைக்குள் அட்வான்ஸ் வாங்கிக்கொள்ளச் சொல்லித் தரகர் நெருக்குகிறார், மகனும் கோயம்புத்தூருக்கு வந்துவிடுங்கள் என்கிறான், எல்லாம் கூடிவருகிறதே, இதுதான் தேவசித்தமோ என்று கேட்டிருக்கிறாய். கூடிவருகிறது என்பதற்காகவே கொஞ்சம் பொறு என்பேன். யோசுவா 9-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பார். பக்கத்திலேயே குடியிருந்த கிபியோனியர், தூரதேசத்திலிருந்து வந்ததாக நடித்து உடன்படிக்கை கேட்டார்கள். இஸ்ரவேலர் அவர்களை விசாரிக்காமல் நம்பவில்லை. பூசணம் பூத்த அப்பம், பொத்தலான துருத்தி, தேய்ந்த பாதரட்சை என்று எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தார்கள். கர்த்தரிடம் மட்டும் கேட்கவில்லை. மூன்றே நாளில் உண்மை தெரிந்தது, ஆனால் ஆணையிட்டாகிவிட்டதே!

எனக்கு அதைவிட 2 சாமுவேல் 5 பிடிக்கும். ரெப்பாயீம் பள்ளத்தாக்கில் பெலிஸ்தர் வந்து இறங்கினார்கள். தாவீது கர்த்தரிடம் கேட்டான், போ என்றார், ஜெயித்தான். மறுபடியும் அதே பெலிஸ்தர், அதே பள்ளத்தாக்கு. நாமாக இருந்தால் போன தடவை மாதிரியே கிளம்பியிருப்போம். அவன் திரும்பவும் கேட்டான். இந்தத் தடவை பதில் வேறு: நேரே போகாதே, பின்னாலே சுற்றிப் போ, முசுக்கட்டைச் செடிகளின் நுனியில் இரைச்சல் கேட்டதும் புறப்படு. ஜெயித்த மனுஷனுக்கு மறுபடி கேட்க மனசு வந்ததே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிலிர்க்கும். வயலை விற்றது நன்மையாக முடிந்தது என்று எழுதியிருக்கிறாய். அது வயலுக்குக் கிடைத்த பதில். வீட்டுக்குத் தனியாகக் கேள்.

அதற்காக வேதத்தைக் கண்ணை மூடித் திறந்து, விரல் பட்ட வசனத்தைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதே. வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையை உருவிப் பார்ப்பதும் வேண்டாம். ஜெபி, வில்லங்கச் சான்றிதழையும் வாங்கிப் பார், சபைப் போதகர் ஐயரிடம் பேசு. முக்கியமாக, மயினி என்ன சொல்கிறார்கள்? உன் கடிதத்தில் அவர்கள் வார்த்தை ஒன்றுகூட இல்லையே. நெகேமியா கிஸ்லேவு மாதத்தில் ஜெபிக்கத் தொடங்கி ஏறக்குறைய நாலு மாதம் கழித்து, நிசான் மாதத்தில்தான் ராஜாவிடம் வாய் திறந்தான். நீ இரண்டு வாரம் தவணை கேட்பதில் என்ன குறை? அதற்குள் வீட்டை வாங்க வந்த ஆள் போய்விட்டால் போகட்டும்.

நானும் காலை ஜெபத்தில் நினைத்துக்கொள்கிறேன். எந்த முடிவானாலும் கோயில் அசன விருந்துக்கு வந்துவிடுவேன், மயினியிடம் சொல்லிவை.

அன்புடன்,
உன் பாளையங்கோட்டை நண்பன்