அண்ணனின் பெயரைக் கரைக்குக் கொண்டுவந்தவர்களுக்கு

அன்புள்ள ஊராருக்கும் உறவுகளுக்கும்,

சென்ற ஞாயிற்றுக்கிழமை எங்கள் அண்ணனின் நினைவுநாள். 37 ஆண்டுகளாக வீட்டுக்குள் ஒரு விளக்கோடு முடிந்துபோன நாளை இந்த முறை கடற்கரைக்கு எடுத்து வந்தவர்கள் நீங்கள். ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கிச் சொல்லவேண்டிய நன்றி இது. முதலில் எழுத்தில் சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் இருந்தது டெரிட்டோரியல் ஆர்மி எனப்படும் பிராந்திய ராணுவத்தில். ஆண்டுக்கு இரண்டு மாதம் பயிற்சி; மற்ற நாளெல்லாம் வள்ளமும் வலையும்தான். 1987 ஜூலையில் இந்திய–இலங்கை ஒப்பந்தம் ஆகி இந்திய அமைதிப்படை இலங்கைக்குப் போனது. போன இடத்தில் விடுதலைப் புலிகளோடு போர் மூண்டது. பிறகு அவருக்கும் அழைப்பு வந்தது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே முப்பது கிலோமீட்டர் இருந்தால் அதிகம். மீன்பாடு தேடி அந்தக் கடலில் எத்தனையோ முறை போய் வந்தவர், அந்த ஒரு முறை திரும்பவில்லை. 1988-இல் தந்தி வந்தது. பிறகு டிரங்குப் பெட்டி வந்தது. மடித்த சீருடைக்கு அடியில், வலை கட்டும் மூங்கில் ஊசி, நூல் சுற்றியபடியே இருந்தது.

அந்தப் போர் இந்தக் கரையில் எல்லோருக்கும் வலி. அகதிகளாக வந்திறங்கியவர்களுக்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றிய தெரு எங்களுடையது. அதே தெருவில் கணவனை நினைத்து வாய்விட்டு அழக்கூட மதினி தயங்கினார். அமைதிப்படையில் போய் உயிர்விட்டவர்கள் ஆயிரத்துக்கும் மேல். எங்களுக்கு அதில் ஒருவர்.

டெல்லியில் வேலை பார்க்கும் நம் ஊர்த் தம்பிக்கு முதல் நன்றி. 2019-இல் திறந்த தேசியப் போர் நினைவகத்தின் கருங்கல் சுவரில் அண்ணனின் பெயரைத் தேடிக் கண்டுபிடித்துப் படம் அனுப்பினாய். மதினிக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஒவ்வோர் எழுத்தாக விரலால் தடவினார். விரல் பட்டதும் செல்பேசியில் படம் நகர்ந்து நகர்ந்து போனது. பேரன் பிடித்து நிறுத்தி நிறுத்திக் காட்டினான். அரை மணி நேரம் அப்படியே இருந்தார்.

விண்ணப்பங்களை எழுதித் தந்த ஆசிரியர் ஐயாவுக்கும், சளைக்காமல் உடன் அலைந்த ஓய்வுபெற்ற சுபேதாருக்கும் நன்றி. பந்தல் போட்ட ஜமாத்தாருக்கும், நாற்காலிகள் தந்த கோயில் பங்கு மக்களுக்கும், ஒரு நாள் மீன்பாட்டை விட்டுவிட்டு வள்ளங்களைக் கரையேற்றிய எல்லோருக்கும் நன்றி.

மண்டபம் அகதிகள் முகாமிலிருந்து பஸ் ஏறி வந்த அம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் போரில் பிள்ளையைப் பறிகொடுத்தவர் அவர். அண்ணனின் படத்துக்கு முன் கையிலிருந்த பூவை வைத்தார். மதினியின் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வெயில் ஏறும்வரை அப்படியே இருந்தார்கள். அம்மா, அந்தக் கைக்கு எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

சமையலுக்கு வந்த பாத்திரங்கள் சில எங்கள் வீட்டிலேயே இருக்கின்றன. பெயர் வெட்டியவற்றைக் கழுவித் தனியாக எடுத்து வைத்திருக்கிறோம். வரும்போது மதினியையும் பார்த்து நாலு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள். இப்போது அண்ணனைப் பற்றி அவரே பேசுகிறார்.

என்றும் நன்றியுடன்,
தம்பி