பெயர் நிலைக்கும் என்றால் எல்லோர் பெயரும்

ஆசிரியருக்கு,

நான் ஓய்வுபெற்ற ஹவில்தார், சி.எஸ்.ஐ. சபைக்காரன். நவம்பரில் போர்வீரர்களை நினைவுகூரும் ஆராதனை என்றாலே எங்கள் பக்கத்தில் யோவான் 15:13-தான் பிரசங்கம்: சிநேகிதருக்காக உயிரைக் கொடுப்பதைவிடப் பெரிய அன்பு இல்லை என்ற வசனம். அது இயேசு தம் சீஷர்களிடம் சொன்னது. உத்தரவு வந்ததால் போய், மலேரியாவில் செத்தவனுக்கும் அதை அப்படியே பொருத்துவது எனக்கு ஒட்டவில்லை.

உலகப் போர்களில் பிரிட்டிஷ் பேரரசின் படைகளில் இறந்தவர்களுக்கான காமன்வெல்த் போர்க் கல்லறைகளின் நினைவுக்கல்லில் வேறு வசனம் இருக்கிறது: ‘அவர்கள் பெயர் என்றென்றும் நிலைத்திருக்கும்.’ சீராக் புத்தகம், 44:14. எங்கள் வீட்டு வேதாகமத்தில் அந்தப் புத்தகமே கிடையாது. கத்தோலிக்க நண்பரிடம் வாங்கித்தான் படித்தேன். அதே அதிகாரத்தில், நினைவே இல்லாமல் மறைந்துபோனவர்களும் உண்டு என்று 9-ஆம் வசனம் சொல்கிறது. அதை யாரும் கல்லில் வெட்டவில்லை!

வசனத்தைத் தேர்ந்தவர் எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங். 1915-இல் பிரான்சில் நடந்த லூஸ் போரில் மகனை இழந்தவர், உடலைத் தேடித் தேடிக் காணாதவர். சரி, அவர் துக்கம் உண்மை. ஆனால் முதல் உலகப் போரில் அந்தப் பேரரசுக்காக இறந்தவர்களில் குறைந்தது 1,16,000 பேரின் பெயர் எங்குமே பொறிக்கப்படவில்லை, பெரும்பாலோர் ஆப்பிரிக்கர்கள், மத்திய கிழக்கைச் சேர்ந்தவர்கள் என்று 2021-இல் இந்தக் கல்லறைகளைப் பராமரிக்கும் ஆணையத்தின் அறிக்கையே ஒப்புக்கொண்டது. படைக்கு மூட்டை சுமந்தவர்களும் அதில் அடக்கம்.

ஆயர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இந்த நவம்பரில் 9-ஆம் வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள். பிரசங்கம் ஐந்து நிமிடம் குறைந்தால் பரவாயில்லை.

ஓய்வுபெற்ற ஹவில்தார்,
நந்தம்பாக்கம், சென்னை