போத்தலில் அடைக்க முன்

அன்பு மகளுக்கு,

புளிக்கவைத்த ஆப்பிள் சாறான சைடரில் குமிழி நின்று நாலு நாளாயிற்று, சனிக்கிழமை அதைப் போத்தலில் அடைக்கலாமா என்று கேட்டிருந்தாய். குமிழியை நம்பாதே. அறை குளிர்ந்தாலே ஈஸ்ட் சோம்பிப் படுத்துவிடும். வாளியின் மூடி இறுகாமல் இருந்தால் வாயு வேறு வழியால் போய்விடும். இரண்டிலும் குமிழி நிற்கும், சீனி உள்ளே அப்படியே இருக்கும்.

சாற்றின் அடர்த்தியைக் காட்டும் மிதவையான ஹைட்ரோமீட்டரைப் போட்டுப் பார். எடுத்த சைடரை முதலில் நன்றாகக் குலுக்கி வாயுவைப் போக்கு. இல்லாவிட்டால் குமிழிகள் ஒட்டி மிதவையைத் தூக்கி, அளவைக் கூட்டிக் காட்டும். சீனி குறையக் குறைய அளவும் இறங்கும்; ஆப்பிள் சாறு சாதாரணமாக தண்ணீரின் அளவான 1.000 வரையோ அதற்குச் சற்றுக் கீழோ இறங்கும். இன்று பார்த்ததும் மூன்று நாள் கழித்துப் பார்ப்பதும் ஒன்றாக இருக்கவேண்டும். 1.006இல் நின்றால் அறையை 18 பாகைக்குக் கொண்டுவந்து இன்னும் ஒரு வாரம் விடு.

ஏன் இவ்வளவு கறார் என்றால், கணக்கைப் பார். நுரைக்காக நாம் லிட்டருக்கு 7 கிராம் சீனி போடுவோம். 1.006இல் அடைத்தால் ஏற்கெனவே லிட்டருக்கு ஏறத்தாழ 12 கிராம் உள்ளே கிடக்கும். இரண்டையும் ஈஸ்ட் வாயுவாக்கினால் பியர் போத்தல் தாங்காது. வெடித்த கண்ணாடி கதவிலும் ஏறும், கண்ணிலும் ஏறும்.

போத்தல் விடயத்தில் சிக்கனம் பார்க்காதே. 500 மில்லி பியர் போத்தல், 26 மில்லிமீட்டர் கிரவுண் மூடி (நெம்பித் திறக்கும் தகர மூடி). திருகிக் கழற்றும் வாய் உள்ளவை வேண்டாம், இந்த மூடி அதில் ஒழுங்காகப் பிடிக்காது. நுரைக்காத வைன் வந்த போத்தலில் நுரைக்கும் எதையும் ஊற்றவே கூடாது. ஷாம்பெய்ன் போத்தல் தாங்கும், ஆனால் பலவற்றுக்கு 29 மில்லிமீட்டர் மூடி வேண்டும். உன் 20 லிட்டரில் அடிமண்டிக்கு ஒன்றரை லிட்டர் போக 37 போத்தல் வரும். நாற்பது கழுவி வை.

கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு. உள்ளே காய்ந்த மண்டி ஒட்டியிருந்தால் எந்த மருந்தும் வேலை செய்யாது. முதலில் பிரஷ். பிறகு ஸ்டார்சான் என்ற கிருமிநீக்கி, லிட்டர் தண்ணீருக்கு 1.5 மில்லி, இரண்டு நிமிடம். கவிழ்த்து வடியவிடு, அலசாதே. மிஞ்சும் நுரை கெடுதல் இல்லை.

இனி சீனி. சைடரை அளந்து 18 லிட்டர் என்றால் 126 கிராம். தராசில் நிறு, கரண்டிக் கணக்கு வேண்டாம். 300 மில்லி தண்ணீரில் கொதிக்கவைத்து ஆறவிட்டு, வெறும் வாளியின் அடியில் ஊற்று. அதன்மேல் சைடரைக் குழாயால் இறக்கு, குழாயின் நுனி வாளியின் அடியில் சுழன்று ஓடட்டும். தானாகக் கலந்துவிடும். கடைசியில் சுத்தமான கரண்டியால் மெல்ல ஒரு சுற்று. சரியாகக் கலக்காவிட்டால் ஒரு போத்தல் செத்துக் கிடக்கும், அடுத்தது பொங்கும். சளசளவென்று மேலிருந்து ஊற்றினால் காற்றுக் கலந்து, ஒரு மாதத்தில் நனைந்த அட்டைப்பெட்டியின் ருசி வரும்.

நிரப்பும் கோலை (போத்தலுக்குள் விட்டு நிரப்பும் நீண்ட குழாய்) அடிவரை விட்டு, வாய்வரை நிரப்பி, கோலை எடு. எஞ்சும் இடம் போதும், சுமார் 3 சென்ரிமீட்டர். ஒன்றை மட்டும் சோடா வந்த பிளாஸ்டிக் போத்தலில் அடை. அதை அமுக்கிப் பார்த்தாலே மற்றவற்றின் நிலை தெரியும். 18 முதல் 20 பாகையில் இரண்டு வாரம், மூடிய பெட்டிக்குள். பிளாஸ்டிக் கல்லுப்போல் ஆனதும் குளிரான இடத்துக்கு மாற்று.

இனிப்பாக வேண்டுமென்றால் போத்தலில் சீனியைக் கூட்டாதே, குடிக்கும்போது கிளாசில் கொஞ்சம் ஆப்பிள் சாறு விடு. உன் தோழி பியர் காய்ச்சினால் இதே முறைதான், சீனி 6 கிராம் போதும்; பிறவுண் போத்தல் அவசியம், வெளிச்சம் பட்டால் பியருக்குக் கசப்புத் தரும் ஹொப்ஸ் பூ நாறும். நுரைக்காத வைனுக்குச் சீனியே இல்லை. தக்கை அடித்து, மூன்று நாள் நிமிர்த்தி வைத்து, பிறகு படுக்கவை. இதையெல்லாம் உங்கள் வீட்டில் குடிக்கலாம், விற்கக் கிளம்பினால் வரிக்காரர் வருவார்.

பிளாஸ்டிக் போத்தல் வீங்கி அடி பிதுங்கினால் பெட்டியைத் திறந்து எண்ணிக்கொண்டிருக்காதே. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் தடித்த கையுறையும் போட்டு, பெட்டியோடு தூக்கிக் குளிரில் வை. மறுநாள் ஒவ்வொன்றாகத் துவாயால் சுற்றி, சிங்குக்கு மேலே மூடியை மெல்ல நெம்பி வாயுவை விட்டு, புது மூடி போடு.

அன்புடன்,
அப்பா