சத்தம் வருகிறது, படம் இல்லை: மன்னார்குடிக்கு ஒரு கடிதம்

கும்பகோணம்

அன்புள்ள மாப்ளேக்கு,

கடிதம் வந்தது. பாமணியாற்றில் தண்ணீர் வந்ததா, நாற்று விட்டாச்சா என்று ஒரு வரிகூட இல்லை. நாலு பக்கமும் டிவிதான்! வீட்டுப் பெரியவர்கள் சாயங்காலம் உட்காருகிற பெட்டியாயிற்றே, உன் அவசரம் புரிகிறது. இங்கே எல்லோரும் நலம். பெரியவன் திருச்சியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான், சனிக்கிழமையானால் வந்துவிடுகிறான். மற்றதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

"பேனல் போச்சு, புதுசு வாங்கிக்குங்க" என்று கடையில் சொன்னார்களே, அதை இப்போதைக்கு நம்பாதே. பேனல் என்பது படம் தெரிகிற கண்ணாடித் திரை. போட்டவுடன் ஒரு விநாடி வெளிச்சம் அடித்து அணைகிறது, சத்தம் ஓடுகிறது, ரிமோட்டுக்கு சேனல் மாறுகிறது என்றால் பெரும்பாலும் அது பேக்லைட், அதாவது திரைக்குப் பின்னால் எரிகிற விளக்கின் கோளாறுதான். உறுதி செய்துகொள்ள ஒரு டார்ச் போதும். ராத்திரி ஹால் விளக்கை அணைத்துவிட்டு, டிவியைப் போட்டு, ரிமோட்டில் மெனுவை அழுத்து. டார்ச்சைத் திரைக்கு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்து மெல்ல நகர்த்திப் பார். மெனுவின் எழுத்துகள் மங்கலாகவாவது தெரிந்தால் பேனலும் மெயின் போர்டும் வேலை செய்கின்றன, பின்னால் விளக்கு மட்டும்தான் இல்லை. திரை பளிச்சென்று வெள்ளையாக எரிந்து படம் மட்டும் இல்லையென்றால் அது டி-கான் (பேனலுக்குப் படத்தை அனுப்பும் சின்ன போர்டு) அல்லது பேனல் சமாச்சாரம், இந்தக் கடிதம் அதற்கு உதவாது.

உன் 32 இன்ச் பெட்டியில் திரைக்குப் பின்னால் நீளமான அலுமினியப் பட்டைகள் இருக்கும். கடையில் ஸ்ட்ரிப் என்பார்கள். ஒவ்வொன்றிலும் ஆறேழு எல்இடி, ஒவ்வொரு எல்இடியின் தலைமேலும் ஒரு பிளாஸ்டிக் லென்ஸ். எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் கோத்தவை, கோயில் திருவிழா சீரியல் செட் மாதிரி. ஒன்று அறுந்தால் மொத்தமும் இருட்டு. மூன்று பட்டை, பட்டைக்கு ஏழு, ஒவ்வொன்றும் 3 வோல்ட் என்றால் மொத்தம் 63 வோல்ட் வேண்டும். இரண்டு பட்டை, பட்டைக்கு ஆறு, 6 வோல்ட் எல்இடி என்றால் 72. பெட்டிக்குள் கரண்ட் கொடுக்கும் சப்ளை போர்டில் இருக்கிற பேக்லைட் டிரைவர்தான் 12 அல்லது 24 வோல்ட்டை இந்த அளவுக்கு ஏற்றி, கரண்ட்டை ஒரே அளவில் நிறுத்தி அனுப்புகிறது. வெளிச்சம் ஒரு விநாடி வந்து போவது ஏன் என்றால், எரியத் தொடங்கியதும் எங்கோ அறுபடுவதையோ ஷார்ட் ஆனதையோ டிரைவர் கண்டுபிடித்து, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே நிறுத்திக்கொள்கிறது.

"நம்ம ஊர் வோல்டேஜ் ஏறி இறங்கித்தான் எரிஞ்சுபோச்சு" என்று நீயும் எழுதியிருக்கிறாய். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இந்த சப்ளைகள் 100 வோல்ட்டிலிருந்து 240 வரை வாங்கி ஓடக்கூடியவை. வெளியே ஏறி இறங்குவது எல்இடி வரை போவதில்லை. கரண்ட் போய்த் திரும்பும்போது வரும் உதையும், ஐப்பசி இடியும் அடிப்பது ஃபியூஸையும், சப்ளையில் ஸ்விட்ச் மாதிரி வேலை செய்யும் மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டரையும்; அப்போது பெட்டி அடியோடு செத்துவிடும், சத்தமும் வராது. எல்இடியைக் கொல்வது சூடு. கம்பெனியிலிருந்து வரும்போதே கடைசி அளவுக்கு வெளிச்சத்தை வைத்து அனுப்புகிறார்கள். நாமும் படம் பளிச்சென்று தெரிகிற விவிட் மோடில் போட்டு, சுவரோடு ஒட்டி மாட்டி, அக்னி நட்சத்திரத்திலும் காலையிலிருந்து ராத்திரி வரை ஓட விடுகிறோம். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் உப்புக்காற்றில் கனெக்டர் பச்சை பூத்துப்போவதும் உண்டு. உனக்கு அந்தக் கவலை கிடையாது.

இனி வேலை. பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைப் போர்வைமேல் குப்புறப் போட்டுப் பின்மூடியைக் கழற்று. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. சப்ளை போர்டில் தடியாக நிற்கும் பெரிய கெப்பாசிட்டரில் 320 வோல்ட்டுக்கு மேல் டிசி நிற்கும், பிளக் பிடுங்கிய பிறகும். இரண்டு வயர் பற்றவைத்த 60 வாட் குண்டு பல்பை அதன் இரு கால்களிலும் சில விநாடி வைத்து இறக்கு. பிறகு மல்டிமீட்டர் வைத்து, வோல்ட் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் அடிப்பதை வீரம் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். தீப்பொறி பறக்கும், போர்டில் செம்புத் தடம் பெயரும், அவ்வளவுதான் லாபம்.

தலை உப்பிய கெப்பாசிட்டர் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார். 12 வோல்ட் லைனில் இருக்கும் 1000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் ரகம் அடிக்கடி உப்பும். அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்ட், 105 டிகிரி என்று போட்டதாகப் பார்த்து வாங்கு. பல்லி, எறும்பு செத்துக் கிடக்கிறதா என்றும் பார்த்துக்கொள்.

அடுத்து மீட்டர். எல்இடி கனெக்டரில் பிளஸ் எது, மைனஸ் எது என்று போர்டிலேயே அச்சடித்திருக்கும். மீட்டரை டிசியில் 200-க்கு மேல் உள்ள ரேஞ்சில் வை. கருப்புக் கம்பியை எல்இடி கனெக்டர் பக்கத்து கிரவுண்டில் வை, பெரிய கெப்பாசிட்டரின் மைனஸில் வைத்துவிடாதே, அது வேறு கிரவுண்டு. சிவப்புக் கம்பியை எல்இடி பிளஸ்ஸில் அசையாமல் பிடித்துக்கொண்டு, வேறொருவரை டிவியைப் போடச் சொல். மீட்டரில் அதிகபட்ச அளவைப் பிடித்துவைக்கும் பட்டன் இருந்தால் நல்லது, ஏனென்றால் எண் சட்டென்று எகிறி இறங்கிவிடும்.

தேவை 63 என்றிருக்க 80, 90 வரை எகிறி விழுந்தால் எங்கோ எல்இடியோ கனெக்டரோ அறுந்திருக்கிறது, டிரைவர் நன்றாக இருக்கிறது. 63-க்குக் கொஞ்சம் கீழேயே எழும்பி அணைந்தால் ஒன்றிரண்டு எல்இடி ஷார்ட். உள்ளே வருகிற 12 அல்லது 24-லேயே நகராமல் நின்றால் டிரைவர் ஏற்றவே தொடங்கவில்லை. அப்போது சப்ளைக்கும் மெயின் போர்டுக்கும் நடுவே ஓடும் கேபிளில் பிஎல்-ஆன் என்று எழுதிய முனையைப் பார், பேக்லைட்டைப் போடு என்று மெயின் போர்டு சொல்கிற வழி அது. சில போர்டில் இஎன்ஏ என்றிருக்கும். டிவி ஓடும்போது அங்கே 3 வோல்ட்டுக்குக் குறையாமல் வர வேண்டும். வராவிட்டால் குற்றம் மெயின் போர்டில், ஸ்ட்ரிப்பை வாங்கிப் பணத்தைக் கரைக்காதே. வந்தும் எழும்பவில்லை என்றால், வெளிச்ச அளவைச் சொல்லும் டிம் முனையையும் பார். அது பூஜ்யத்தில் கிடந்தாலும் பல டிரைவர்கள் விளக்கைக் கொளுத்தாது. இரண்டும் சரியாக இருந்தால் டிரைவர் ஐசி, மாஸ்ஃபெட், டையோடு, காயில் இவற்றில் ஒன்று. எல்இடி பிளஸ்ஸில் ஒன்றுமே இல்லை என்றால் முதலில் அந்தக் காயிலுக்கு முன்னால் இருக்கிற பொடி ஃபியூஸைச் சோதி.

உன் பெட்டியில் வெளிச்சம் ஒரு விநாடி வருகிறது என்பதால் பிஎல்-ஆன் வருகிறது, டிரைவரும் எழுகிறது. ஆகவே எனக்கு சந்தேகம் ஸ்ட்ரிப் மேல்தான். அதையும் பேனலைப் பிரிக்காமலே சொல்லிவிடலாம். எல்இடி டெஸ்டர் என்று ஒரு சின்னப் பெட்டி விற்கிறது, 0 முதல் 300 வோல்ட் வரை தானே ஏற்றி, சில மில்லியாம்பியர் மட்டும் விட்டு, எத்தனை வோல்ட்டில் எரிகிறது என்று காட்டும். தஞ்சாவூரில் கேட்டுப் பார், இல்லையென்றால் சென்னை ரிச்சி தெருவில் நிச்சயம் கிடைக்கும். டிவி பிளக்கைப் பிடுங்கிவிட்டு எல்இடி கனெக்டரைக் கழற்றி, ஸ்ட்ரிப் பக்கத்து வயரில் டெஸ்டரை வை. முனையை விரலால் தொடாதே. 300 என்று காட்டி எரியாமல் நின்றால் அறுந்த வழி. சோதனைக் கரண்ட் சின்னது என்பதால் 21 எல்இடிக்கு 58, 60 காட்டினாலும் சரியே. 50 பக்கம் இறங்கினால் இரண்டு மூன்று ஷார்ட். டெஸ்டர் இல்லாவிட்டால் பேனலைத் திறந்த பிறகு 9 வோல்ட் பேட்டரியும் தொடரில் ஒரு 470 ஓம் ரெசிஸ்டரும் போதும், எல்இடி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கலாம். 3 வோல்ட் ரகம் நன்றாக எரியும், 6 வோல்ட் ரகம் மங்கலாக எரியும். மீட்டரின் டையோடு மோடில் 6 வோல்ட் எல்இடி எரியவே எரியாது. அதைப் பார்த்துவிட்டு எல்லாம் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதே.

பேனல் திறப்பதுதான் கை நடுங்குகிற இடம். மின்விசிறியை நிறுத்து, பாய்மேல் சுத்தமான போர்வை விரி, கூட ஒரு ஆள் இருக்கட்டும். கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய ரிப்பன்களில் ஒன்று கிழிந்தாலும் திரையில் நிரந்தரக் கோடு, கடைக்காரர் சொன்னது அப்போது உண்மையாகிவிடும். ரிப்பன் பிடித்திருக்கிற சின்ன போர்டை முதலில் சட்டத்திலிருந்து விடுவித்து, கண்ணாடியோடு சேர்த்தே தூக்க வேண்டும். வளைக்காமல், இரண்டு பேரும் ஒரே நேரத்தில். கண்ணாடிக்குக் கீழே இருக்கும் ஷீட்டுகளை எந்த வரிசையில், எந்தப் பக்கம் மேலாக இருந்தனவோ அப்படியே அடுக்கி, ஒரே மூலையில் அடையாளம் போடு. விரல் ரேகை விழுந்தால் திரையில் கறையாகத் தெரியும், கையுறை போட்டுக்கொள். 43 இன்ச்சுக்கு மேல் என்றால் வீட்டில் திறக்காதே என்றுதான் சொல்வேன். 32 பரவாயில்லை.

திறந்தபின் லென்ஸை நீக்கி எல்இடியை உற்றுப் பார். நல்லது மஞ்சளாக, வழவழவென்றிருக்கும். செத்ததன் மஞ்சளின் நடுவே குண்டூசி முனை அளவுக்கு ஒரு கரும்புள்ளி, சில சமயம் சுற்றிலும் பழுப்பு வளையம். படம் நீலம் பாய்ந்து தெரிகிறது என்று சிலர் சொல்வது இந்த மஞ்சள் பூச்சு வெந்து தேய்வதால்தான். செத்த ஒன்றை மட்டும் மாற்றலாம், அந்த இடத்தை ஷார்ட் செய்தும் ஓட்டலாம், ஆனால் மற்றவையும் அதே வெயிலில் வெந்தவைதானே? அடுத்தது கொஞ்ச நாளில் போகும், மறுபடி ரிப்பனோடு விளையாட வேண்டும். எல்லாப் பட்டையையும் ஒன்றாக மாற்றிவிடு. வாங்கும்போது டிவி மாடலை மட்டும் சொல்லாதே. ஒரே மாடலில் வேறு வேறு பேனல் வரும். பட்டையில் அச்சிட்ட எண், நீளம், எல்இடி எண்ணிக்கை, 3 வோல்ட்டா 6 வோல்ட்டா, கனெக்டர் எந்தப் பக்கம், இவ்வளவும் ஒத்துப்போக வேண்டும். புதுப் பட்டையைத் தகரத்தில் அழுத்தி ஒட்டு. பாதி எழும்பி நின்றால் சூடு இறங்க வழியில்லை. கழன்ற லென்ஸை ஒட்ட ஃபெவிக்விக் ஆகாது, அதன் ஆவி லென்ஸை வெள்ளை பூத்துவிடச் செய்யும். அரால்டைட்டை ஊசி முனையில் எடுத்து லென்ஸின் மூன்று கால்களில் மட்டும் வை, நடுவில் பட்டுவிடக் கூடாது.

இதோடு எல்லோரும் மூடிவிடுகிறார்கள், அங்கேதான் எனக்குக் கோபம். கரண்ட்டைக் குறைக்காமல் புதுப் பட்டை போட்டால் பழையதைக் கொன்ற அதே சூடு புதிதையும் கொல்லும். டிரைவர் மாஸ்ஃபெட்டின் பக்கத்தில் எல்இடி மைனஸ் வழியில் இரண்டு மூன்று ரெசிஸ்டர்கள் பக்கம் பக்கமாக நிற்கும், கரண்ட்டை அளப்பவை அவைதான். மூன்று 3.3 ஓம் என்று வைத்துக்கொள், சேர்ந்து 1.1 ஓம். ஒன்றைக் கழற்றினால் 1.65. கரண்ட் மூன்றில் இரண்டு பங்காக இறங்கிவிடும், கண்ணுக்கு வெளிச்சம் அவ்வளவு குறைந்ததாகத் தெரியாது. மாஸ்ஃபெட்டின் சோர்ஸ் காலில் தனியாக இருக்கும் ரெசிஸ்டரை இதுவென்று நினைத்துத் தொடாதே. அது காயில் கரண்ட்டைக் காப்பது. அடையாளம் தெரியவில்லை என்றால் கழற்றாமல் விட்டுவிடு, மெனுவில் பேக்லைட்டை 50-க்கு இறக்கினாலே பாதிப் புண்ணியம். பிரைட்னஸை இறக்கிப் பயனில்லை. அது படத்தின் கருமையை மட்டும் மாற்றும், எல்இடி அதே கரண்ட்டில்தான் வேகும்.

மூடுவதற்கு முன் கண்ணாடி இல்லாமல், பட்டைமேல் தடிமனான வெள்ளை ஷீட்டை மட்டும் வைத்து அரைமணி நேரம் எரியவிட்டுப் பார். எங்காவது துடித்தால் கனெக்டரைப் பார்.

எல்இடி பிளஸ்ஸில் எத்தனை வரை எகிறுகிறது என்பதையும், பேனல் முதுகில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் எண்ணையும் எனக்கு எழுதி அனுப்பு. பெரியவன் அடுத்த மாதம் சென்னை போகிறான், பட்டையும் டெஸ்டரும் அவனிடம் சொல்லிவிடலாம். அப்படியே நாற்று விட்டாயா இல்லையா என்பதையும் எழுது.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி