பழைய கணினியை வேகப்படுத்த அப்டேட்டை நிறுத்த வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் உள்ள பழைய கணினியை வேகப்படுத்துவது பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த குறிப்புகளை வாசித்தேன். பெரும்பாலானவை பயனுள்ளவை. ஆனால் விண்டோஸ் அப்டேட்டையும், விண்டோஸோடு வரும் நச்சுநிரல் தடுப்பான டிஃபெண்டரையும் நிறுத்திவிட்டால் கணினி சுறுசுறுப்பாகும் என்று அவற்றில் சொல்லப்பட்டிருந்த யோசனை வாசகர்களை ஆபத்தில் தள்ளக்கூடியது என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன். கணினிப் பழுது பார்ப்பதே என் தொழில். இந்த இரண்டையும் நிறுத்திவைத்திருந்த கணினிகள்தாம் மிக மோசமான நிலையில் எங்களிடம் வந்து சேர்கின்றன.

அந்த யோசனை எங்கிருந்து பிறக்கிறது என்பது எனக்குப் புரியாமல் இல்லை. ஏழெட்டு ஆண்டு பழைய கணினியைத் திறந்ததும், எந்த நிரல் எவ்வளவு சுமை தருகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் என்ற பத்தி நூறு சதவீதத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். அதற்குக் காரணமாக அப்டேட்டின் பெயரோ டிஃபெண்டரின் பெயரோ பட்டியலின் தலையில் தெரியும். உடனே அவற்றின் மேல் பழி விழுகிறது. உண்மையில் சுமையைத் தாங்க முடியாமல் திணறுவது ஹார்ட் டிஸ்க். நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் வட்டு ஒரு சுற்றை முடிக்க ஏறத்தாழ 11 மில்லிநொடி ஆகிறது. படிக்கும் முனை உரிய தடத்துக்கு நகரும் நேரத்தையும் சேர்த்தால், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை அது நொடிக்கு நூறு முறைகூட எடுத்துத் தர இயலாது. விண்டோஸ் 10 போன்ற இயங்குதளமோ தொடங்கும்போதே ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைக் கேட்கிறது. சுழலும் பாகம் எதுவும் இல்லாத சேமிப்பகமான எஸ்எஸ்டி அதே வேலையை நொடிக்குப் பல்லாயிரம் முறை செய்து முடிக்கும். ஆகவே பழைய கணினிக்குச் செலவழிக்கக் கொஞ்சம் பணம் இருக்கிறது என்றால் அதை முதலில் எஸ்எஸ்டிக்கே செலவழிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சாட்டா என்ற வட்டு இணைப்புள்ள பழைய மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் இரண்டரை அங்குல எஸ்எஸ்டி பொருந்தும். புதிய கணினி ஒன்றின் விலையோடு ஒப்பிட்டால் அதற்கு ஆகும் செலவு மிகச் சிறியது. அதைப் பொருத்திய பிறகு அப்டேட் பின்னணியில் ஓடுவதே பெரும்பாலும் நமக்குத் தெரியாது. அதை நிறுத்த வேண்டும் என்ற எண்ணமும் எழாது. வேலை நேரத்தில் கணினி தானாக மறுதொடக்கம் ஆகிறது என்பதுதான் குறை என்றால், அப்டேட் அமைப்பிலேயே ஆக்டிவ் அவர்ஸ் என்ற பகுதியில் நாம் வேலை செய்யும் நேரத்தைக் குறித்து வைத்தால் போதும்.

எஸ்எஸ்டிக்கு அடுத்தது ரேம். 4 ஜிபி ரேமில் உலாவியில் நாலைந்து பக்கங்களைத் திறந்தாலே நினைவகம் நிரம்பி, மிச்சத்தை வட்டில் எழுதத் தொடங்கிவிடும்; 8 ஜிபியாக உயர்த்தினால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதிக்குச் சென்று, கணினியோடு சேர்ந்து தானாகத் தொடங்கும் தேவையற்ற செயலிகளை அணைப்பதற்குச் செலவே இல்லை. பழைய மடிக்கணினிகளில் விசிறியில் படிந்த தூசியும் ஒரு காரணம்: வெப்பம் ஏறினால் செயலகம் (பிராசசர்) தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. அதை எந்த மென்பொருளாலும் சரிசெய்ய முடியாது.

வேகப்படுத்தித் தருவதாகச் சொல்லும் இலவச மென்பொருள்களைப் பற்றியும் தங்கள் குறிப்புகளில் ஒரு வரி இருந்தது. விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்வதால் கணினி வேகமாகும் என்பதற்கு என் அனுபவத்தில் ஓர் ஆதாரமும் இல்லை. வேலை செய்துகொண்டிருந்த மென்பொருள் அதனால் திறக்காமல் போன நிகழ்வுகள் உண்டு. 2017 ஆகஸ்டில் சிசிகிளீனர் என்ற புகழ்பெற்ற சுத்திகரிப்பு மென்பொருளின் 5.33ஆம் பதிப்பிலேயே நச்சுநிரலைப் புகுத்திவிட்டார்கள். அது அந்த நிறுவனத்தின் அதிகாரபூர்வ வழங்கியிலிருந்து ஏறத்தாழ ஒரு மாதம் விநியோகமாகி, 22 லட்சத்துக்கும் மேற்பட்ட பயனர்களைச் சென்றடைந்த பிறகே கண்டுபிடிக்கப்பட்டது. பெயர்பெற்ற மென்பொருளுக்கே அந்தக் கதி நேர்ந்தது என்றால், தேடுபொறியில் முதலில் கண்ணில் பட்ட ஏதோ ஒரு பூஸ்டரை இறக்கி நிறுவுவது எவ்வளவு துணிகரமான செயல் என்பதை வாசகர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். இடத்தை மீட்பதற்கு விண்டோஸிலேயே உள்ள டிஸ்க் கிளீனப் போதுமானது.

இதைவிட எனக்கு மிகுந்த கவலை தருவது ஆக்டிவேட்டர் பழக்கம். கணினி மெதுவானால் பார்மட் செய்து, ஏதோ ஒரு பென் டிரைவில் இருக்கும் திருட்டு விண்டோஸை நிறுவி, அதைச் செயல்படுத்த டிஃபெண்டரை அணைத்துவிட்டு ஒரு சிறு நிரலை ஓட்டுவது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. காவலை விலக்கிவிட்டு, யார் எழுதியதென்றே தெரியாத ஒரு நிரலுக்கு நிர்வாகி உரிமை கொடுக்கிறோம். அதன் பிறகு அதே கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்கிறோம். இதில் வருத்தப்பட வைக்கும் உண்மை ஒன்று உண்டு. விண்டோஸ் 8 வந்த காலத்துக்குப் பின் விண்டோஸோடு விற்கப்பட்ட மடிக்கணினிகளில் உரிமத் திறவுகோல் தாய்ப்பலகையிலேயே பதிந்திருக்கிறது. விண்டோஸ் 10 உரிமத்தோடு வந்த கணினி என்றால், வட்டை மாற்றினாலும், மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து நேரடியாக இறக்கிய விண்டோஸ் 10இன் உரிய பதிப்பை நிறுவி இணையத்தோடு இணைத்தால், பெரும்பாலும் அது தானாகவே செயல்பட்டுவிடும். சொந்தமாக உரிமம் வைத்திருக்கும் குடும்பங்களே அது தெரியாமல் திருட்டுப் பிரதிக்குக் கூலி கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

அப்டேட்டை நிறுத்தினால் என்னதான் ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு 2017ஆம் ஆண்டை நினைவுபடுத்த விரும்புகிறேன். விண்டோஸின் கோப்புப் பகிர்வுப் பகுதியில் இருந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு மார்ச் 14 அன்று வெளியிட்டது. அதே ஓட்டையின் வழியே வான்னாக்ரை என்ற நச்சுநிரல் மே 12 அன்று பரவத் தொடங்கி, ஏறத்தாழ 150 நாடுகளில் கணினிகளில் இருந்த கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டனின் பொது மருத்துவமனைகள் பலவற்றில் நோயாளிகளின் சந்திப்புகளும் அறுவை சிகிச்சைகளும் ரத்தாயின. பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். அந்தப் பதிப்புக்கு அப்போது ஆதரவு நடப்பில் இருந்தது. திருத்தமும் இரண்டு மாதங்களாகக் காத்திருந்தது. கணினி பழையதாக இருந்ததால் வந்த வினையல்ல அது, திருத்தத்தை நிறுவாமல் விட்டதால் வந்தது.

இன்று விண்டோஸ் 10 வைத்திருப்போர் அனைவருக்கும் இது நேரடியாகப் பொருந்துகிறது. 2015 ஜூலையில் வெளிவந்த அந்த இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலகமும் இல்லாத கணினிகள் வீடுகளில் ஏராளமாக உள்ளன. அந்தச் சோதனையைத் தாண்டிக் குறுக்கு வழியில் விண்டோஸ் 11ஐ நிறுவித் தருகிறார்கள். அப்படி நிறுவிய கணினிக்குத் தொடர்ந்து திருத்தங்கள் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. அதைவிட நல்ல வழி, 22எச்2 என்ற கடைசிப் பதிப்பில் உள்ள விண்டோஸ் 10 கணினியை 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் தரும் இஎஸ்யு திட்டத்தில் சேர்ப்பது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, கணினி அமைப்புகளை அதில் காப்புநகல் எடுக்கச் சம்மதித்தால் கட்டணமே இல்லை. அப்படிச் செய்ய விரும்பாதவர்கள் 30 டாலர் செலுத்தலாம். இதற்கான இணைப்பு விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே இருக்கிறது. அப்டேட்டை நிறுத்தி வைத்தவர்களின் கண்ணில் அது படுவதற்கு வாய்ப்பே இல்லை என்பதுதான் என் வேதனை.

அந்த அவகாசமும் முடிந்த பிறகு, இணையமும் கடிதம் எழுதுவதும் மட்டுமே தேவைப்படும் வீடுகளுக்கு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் பொருத்தமானது. அதன் ஒரு வகையான லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு 4 ஜிபி ரேமில் நன்றாக ஓடும். தமிழில் தட்டச்சு செய்யலாம். நிறுவும் முன்பே பென் டிரைவிலிருந்து இயக்கி, அச்சுப்பொறியும் வைஃபையும் வேலை செய்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளலாம். கேரளத்து அரசுப் பள்ளிகள் ஆண்டுக்கணக்கில் லினக்ஸில்தான் பாடம் நடத்துகின்றன. நம் சென்னையிலேயே மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் பாஸ் என்ற லினக்ஸ் வகையை உருவாக்கியிருக்கிறது. டேலி போன்ற கணக்கு மென்பொருளை நம்பியிருப்பவர்களுக்கு மட்டும் இது ஒத்துவராது. அவர்கள் விண்டோஸ் 11 ஏற்கும் கணினிக்கு மாறுவதே முறை.

எந்த இயங்குதளமானாலும் அன்றாட வேலைக்கு நிர்வாகி உரிமை இல்லாத தனிக் கணக்கு ஒன்றை வைத்துக்கொள்வது நல்லது. பிள்ளைகள் தெரியாமல் எதையாவது நிறுவ முயன்றால் கடவுச்சொல் கேட்கும் இடத்திலேயே அது நின்றுவிடும்.

எஸ்எஸ்டி பொருத்தும்போது கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கடையில் விட்டுவரக் கூடாது. அதில் குடும்பப் புகைப்படங்கள், ஆதார் நகல், வங்கி அறிக்கை எல்லாம் அப்படியே இருக்கும். அதன் உடல்நிலையை கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் சோதித்து, நன்றாக இருந்தால் யுஎஸ்பி உறை ஒன்றில் பொருத்திக் காப்புநகலுக்கு வைத்துக்கொள்ளலாம். நகலெடுத்து முடிந்ததும் கணினியிலிருந்து அதன் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். இணைத்தபடியே விட்டால், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நச்சுநிரல் அதையும் சேர்த்தே பூட்டிவிடும்.

இப்படிக்கு,
கணினிப் பழுதுநீக்கும் தொழிலில் உள்ள வாசகர்,
கும்பகோணம்