வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: வெயிலில் கருகிய போன்சாய் மரங்கள் குறித்து

எங்கள் நர்சரியின் அன்பு வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கத்திரி வெயிலில் கருகிய மரத்தை எங்களிடம் ஒப்படைத்துத் திரும்பப் பெற்றுச் சென்ற ஒருவர், கொடுத்த மரம் ஒன்று, வந்த மரம் வேறு என்று தம் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் எழுதியிருந்ததையும், அது வேறு குழுக்களுக்கும் பரவியதையும் உங்களில் சிலரே எங்கள் கவனத்துக்குக் கொண்டுவந்தீர்கள். மரம் பிழைக்கவில்லை என்று அவர் எழுதியிருந்தால் இந்த மடலுக்குத் தேவை இருந்திருக்காது. இந்தத் தொழிலில் அதுவும் நடப்பதுதான். மரத்தையே மாற்றிவிட்டோம் என்பதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருக்க எங்களால் இயலவில்லை.

அவருடைய மரம் ஆல், அரசு, அத்தி ஆகியவற்றின் இனமான ஃபைகஸ் வகையைச் சேர்ந்தது. எங்களிடம் வந்தபோது இலைகள் ஏறக்குறைய முழுவதும் உதிர்ந்திருந்தன. உச்சிக் கிளையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்த்தபோது பட்டைக்கு அடியில் பச்சை இல்லை, பழுப்பும் வறட்சியுமே இருந்தன. கீழ்க்கிளைகளில் பச்சை இருந்தது. அவை துளிர்த்த பிறகே பட்டுப்போன உச்சியை வெட்டினோம். ஆகவே மரம் குட்டையாகத் தெரிவது உண்மை. இலைகள் முன்பைவிடச் சிறியவையாக இருப்பதும் உண்மை. இலைகளைச் சிறிதாக்குவதற்கென்றே நல்ல நிலையில் உள்ள ஃபைகஸின் இலைகளை முற்றிலுமாகக் கிள்ளிவிடும் வழக்கம் போன்சாய் வளர்ப்பவர்களிடம் உண்டு. இந்த மரத்துக்கு அந்த வேலையை வெயில் செய்துவிட்டது, அவ்வளவே. ஆனால் தண்டின் இடப்புறத்தில் வடிவம் கொடுக்க முன்பு சுற்றிய கம்பி பதிந்த தழும்பும், மண்ணுக்கு மேலே ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கிட்டு ஓடும் இரண்டு வேர்களும் எங்கே போய்விடும்? அவை இன்றும் அதே மரத்தில், அதே தொட்டியில் இருக்கின்றன. இனி ஒவ்வொரு மரத்தையும் பெற்றுக்கொள்ளும்போதே தண்டையும் வேரையும் உங்கள் முன்னிலையில் படம் எடுத்து உங்களுக்கும் அனுப்பிவிடுவோம்.

நிழலில் வைத்ததைத் தவிர ஒன்றும் செய்யவில்லை என்றும் ஒரு குறை வந்தது. வெயில் தாக்கிய மரத்துக்குச் செய்ய வேண்டியதில் பெரும்பகுதி அதுதான். உரம் இடக் கூடாது, தொட்டி மாற்றக் கூடாது, பாதி காய்ந்த இலைகளையும் அவசரப்பட்டுப் பறிக்கக் கூடாது. இலையை இழந்த மரம் குறைவாகவே நீர் குடிக்கும் என்பதால், பரிவு மிகுந்து இருவேளையும் ஊற்றப்படும் தண்ணீரே வெயிலுக்குத் தப்பிய வேரை அழுகச் செய்துவிடுகிறது. மேல்மண் காயத் தொடங்கிய பின் ஊற்றினால் போதும். நண்பகலில் மாடித் தொட்டியிலிருந்து குழாயில் முதலில் வரும் தண்ணீர் கை பொறுக்காத சூட்டில் இருக்கும். அதைச் செடிக்கு விடவே வேண்டாம். மொட்டை மாடித் தரையில் நேரடியாக வைத்த தொட்டிக்குக் கீழிருந்தும் சூடு ஏறுகிறது. ஒரு மணையின் மீது, ஐம்பது விழுக்காடு நிழல்வலைக்கு அடியில் வைப்பது நல்லது. துளிர் முற்றிய பிறகு காலை வெயிலை மட்டும் சிறிது சிறிதாகக் காட்டலாம்.

கத்திரி முடிந்ததும் வலையைக் கழற்றிவிடுபவர்களுக்கு ஒரு சொல்: சென்னை நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்தில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது 2003 மே 31 அன்று, அதாவது கத்திரி கழிந்த பிறகு. கடற்காற்று தாமதிக்கும் நாள்களில் ஜூன் மாதமும் அதே மாதிரிதான் காய்கிறது.

ஊசியிலை மரமான ஜூனிபர் வைத்திருப்பவர்கள் பொறுத்தருள வேண்டும். வேர் இறந்த பின்னும் அது பல நாள்கள் பச்சையாகவே நிற்கும். முழுவதும் பழுப்பான பின் கொண்டுவந்தால் எவராலும் மீட்க இயலாது. அவ்வகை மரங்களை இனி பார்த்த பின்னரே ஏற்றுக்கொள்வோம்.

இந்தப் பேச்சு பரவிய நாள்களிலும் தயங்காமல் மரங்களைக் கொண்டுவந்தவர்களுக்கும், கேட்காமலே தங்கள் மரங்களின் முன்னும் பின்னுமான படங்களை அந்தக் குழுக்களில் பகிர்ந்து எங்களுக்காகப் பேசியவர்களுக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி. நீண்ட நாள் எங்களுடன் இருந்த தோட்டக்காரர் சொந்த ஊருக்குத் திரும்பிவிட்டதால் வீட்டுக்கு வந்து பார்க்கும் சேவையைத் தற்போதைக்கு நிறுத்தியிருக்கிறோம். தண்ணீர் லாரிச் செலவை முன்னிட்டு மாதப் பராமரிப்புக் கட்டணமும் அடுத்த மாதம் முதல் சற்று உயர்கிறது. மரங்களைக் கொண்டுவருபவர்கள் காலை பத்து மணிக்கு முன்பாக, கார் டிக்கியில் வைக்காமல் இருக்கையில் வைத்துக் கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
நர்சரி உரிமையாளர்,
சென்னை