ஈடிப்பஸ் வெறும் தலையெழுத்துக் கதையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் வந்த நாடக விமர்சனம், பழைய கிரேக்க நாடகாசிரியர் சோபோக்ளீஸின் ஈடிப்பஸ் நாடகத்தை ‘தலையெழுத்தின் கதை’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. உயர்தர மாணவருக்கு நாடகமும் அரங்கியலும் படிப்பித்தவள் நான். பேசாமல் இருக்க முடியவில்லை.

அரசன் ஈடிப்பஸ் தகப்பனைக் கொல்வான், தாயை மணப்பான் என்பது டெல்பிக் கோயிலில் சொன்ன குறி. சரி, அது விதி. ஆனால் அவன் மனைவி யொகாஸ்தா “இனித் தேடாதையுங்கோ” என்று மன்றாடியும் தன் பிறப்பைத் துருவச் சொன்னது யார்? தான் தாழ்ந்த குலத்தவன் என்று தெரிந்துவிடுமோ என அவள் வெட்கப்படுகிறாள் என்றே ஈடிப்பஸ் நினைக்கிறான். (யாழ்ப்பாணத்தாருக்கு இதை விளக்கத் தேவையில்லை.)

இன்னொன்று, கொரிந்திலிருந்து வரும் தூதுவன். குறி பலித்துவிடுமோ என்ற ஈடிப்பஸின் பயத்தைப் போக்கவென்று “உன்னை வளர்த்த அரசன் பொலிபஸின் பிள்ளையே நீ இல்லை” என்கிறான். அந்த ஆறுதல்தான் அரசனைக் கவிழ்க்கிறது. அன்று இந்த நாடகத்தைப் பார்த்த ஏதென்ஸ் சனத்துக்குக் கதை முன்பே தெரியும். காத்தவராயன் கழுவேறுவான் என்று தெரிந்துகொண்டே நாங்களும் விடிய விடியக் கூத்துப் பார்த்தோமே.

மேடையில் இந்தத் தூதுவன் காட்சியைப் பாதியாக வெட்டியிருந்தார்கள். விமர்சகர் அதையல்லவா கேட்டிருக்க வேண்டும்?

ஓய்வுபெற்ற ஆசிரியை,
கோப்பாய்.